சிவப்பு இல்லாத நாடா

எங்கள் அலுவலகத்தில் சிவப்பு நிறத்துக்கு அனுமதி கிடையாது. நான் சேர்ந்த முதல் நாளே எண்பத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேட்டைக் கையில் திணித்து, இதைப் படித்து முடித்த பிறகுதான் மற்ற வேலை என்றார்கள். உலகக் குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் குரல் கொடுக்கிற நிறுவனமாயிற்றே, குழந்தைகளைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று நம்பிப் புரட்டினேன். முழுக்க முழுக்க நிறங்களைப் பற்றித்தான் இருந்தது. எங்கள் சின்னத்தில் உள்ள வானநீலம், இளம்பச்சை, வெளிறிய ஆரஞ்சு, இந்த மூன்று மட்டுமே எல்லா இடத்திலும் வர வேண்டும். சிவப்பு பயத்தையும் தோல்வியையும் நினைவூட்டுமாம். அதனால் கூடவே கூடாது.

அங்கே என் பெயர் 'பயிற்சி'. மூன்று மாதத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்து போய்க்கொண்டிருந்ததால் யாரும் பெயர் கேட்டு மெனக்கெடுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவளும் பயிற்சி, அவளுக்கு முன்னால் இருந்தவனும் பயிற்சி. "பயிற்சி, அந்த அறிக்கையை எடு", "பயிற்சி, புரொஜெக்டர் வேலை செய்யலை பாரு" என்று கூப்பிடுவார்கள். நானும் ஏதோ பிறந்ததிலிருந்து அதுதான் பெயர் என்பதுபோல் எழுந்து ஓடுவேன்.

அந்த ஒன்பதாவது மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை நாள் முழுக்க உருட்டுவார்கள். 'பசி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உணவுப் பாதுகாப்பின்மை' என்று போட ஒரு கூட்டம். அது மனத்தைச் சோர்வாக்குகிறது என்று சொல்லி 'ஊட்டச்சத்துக்கான வாய்ப்பு' என்று மாற்ற இன்னொரு கூட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் தட்டு நிறைய பிஸ்கட் வரும். யாரும் தொட மாட்டார்கள், எல்லோருக்கும் உடம்பைப் பற்றிய கவலை. சாயங்காலம் தட்டோடு குப்பைக்கூடையில் கவிழ்ப்பது என் பொறுப்பு.

கூட்டங்களை நடத்துபவர் பரப்புரை மேலாளர். நான் அவருக்கு மனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'கழுத்துக்கயிறு'. எந்த நாட்டு மாநாட்டுக்குப் போனாலும் அங்கே கொடுத்த அடையாள அட்டையை அதன் கழுத்துக்கயிறோடு கொண்டுவந்து, நாளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு அலுவலகம் வருவார். குளியலறைக்குப் போகும்போதும் அது கழுத்தில் தொங்கும். அவருக்கு மேலே இயக்குநர். அந்த அம்மா பாதி நாள் விமானத்தில் இருப்பார், மீதி நாள் விமானத்தில் வந்த களைப்பில் இருப்பார். ஆனால் மூன்று மாத முடிவில் அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் பரிந்துரைக் கடிதம் இருந்தால், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த மாதிரிதான். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பயிற்சிகளும் அப்படித்தான் போனார்கள். நான் அங்கே வாய் பொத்திக்கொண்டு பிஸ்கட் கொட்டியதற்கு அந்தக் கடிதத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பற்றி உயர்வாக நினைத்து ஏமாறாதீர்கள்.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா நகரத்தின் இன்னொரு முனையில் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலி. என்னைவிட எட்டு வயது பெரியவள், வாய் மட்டும் எண்பது வயது பெரியது. மாமா பஸ் ஓட்டுகிறார். என் வேலை என்ன என்று யாராவது அவரிடம் கேட்டால், "பேசுற வேலை. நம்ம வீட்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் அது இலவசமாவே வரும்" என்பார்.

அக்கா தினமும் செய்கிற வேலைகளில் ஒன்று குழந்தைகளின் கையை அளப்பது. அதற்கென்று ஒரு நாடா இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அதைச் சுற்ற வேண்டும். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு தெரியும், குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அதிலிருந்து பன்னிரண்டரை வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அதுதான் அதன் அருமை. சிவப்பு வந்த குழந்தைக்கு வேர்க்கடலைச் சத்துப்பசைப் பொட்டலம் கொடுப்பார்கள். பச்சை வந்துவிட்டால் பொட்டலத்தை நிறுத்திவிடுவார்கள்.

அக்காவின் நிலையத்தில் ஐந்து தொண்டர் பெண்கள் இருந்தார்கள், நாடா மட்டும் ஒன்றே ஒன்று. அதையும் துடைத்துத் துடைத்துச் சிவப்பு ரோஜா நிறமாகியிருந்தது. புது நாடா கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதிலே இல்லை என்று சாப்பிடும்போதெல்லாம் என்னைத்தான் பிடிபிடியென்று பிடிப்பாள். நான் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று கடிதமும் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் கழுத்துக்கயிறின் கையெழுத்தில், 'நாம் பொருள் கொடுப்பவர்கள் அல்ல, குரல் கொடுப்பவர்கள். பதில் தேவையில்லை' என்று எழுதியிருந்தது. அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒன்பதாவது மாடிக்கே ஏறி வந்து குரல் கொடுத்திருப்பாள்.

உலக ஊட்டச்சத்து மாநாடு ஒன்று வந்தது. அதற்கு வருகிறவர்களுக்கு நினைவுப்பொருள் கொடுக்க வேண்டும். போன வருடம் பேனா, அதற்கு முந்தின வருடம் பை. இந்த வருடம் மனத்தைத் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் கழுத்துக்கயிறுக்கு ஞானம் பிறந்தது. குழந்தையின் கையை அளக்கிற நாடாவையே நம் சின்னத்தோடு அச்சடித்துக் கொடுத்தால் என்ன? மாநாட்டுக்கு வருகிற அமைச்சர்கள் அதைக் கையில் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிறகு அது வடிவமைப்பாளரின் மேசைக்குப் போனது. கையேட்டின்படி சிவப்பு போய் வெளிறிய ஆரஞ்சு வந்தது, மஞ்சள் போய் வானநீலம் வந்தது. பச்சை ஒன்றுதான் பிழைத்தது. எண்கள் பார்வைக்கு இரைச்சலாக இருப்பதாகச் சொல்லி அவற்றையும் எடுத்துவிட்டார்கள். கடைசியாகக் கழுத்துக்கயிறு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பச்சை ரொம்பக் கொஞ்சமாக இருக்கிறது, நம்பிக்கைக்கு இன்னும் இடம் கொடுங்கள் என்றார். வடிவமைப்பாளர் கணினி மவுஸைப் பிடித்து இழுத்தார். பச்சை நீண்டது, ஆரஞ்சு ஒரு விரற்கடைக்குச் சுருங்கியது. நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பச்சை பத்தரை சென்டிமீட்டரிலேயே தொடங்கியிருந்தது. அந்த நாடாவின்படி சாகக்கிடக்கிற குழந்தையும் சௌக்கியம்தான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். இந்த அளவு தப்பு, இதை வைத்து அளந்தால் எல்லாக் குழந்தைக்கும் பச்சைதான் வரும் என்றேன். கழுத்துக்கயிறு கோபப்படவில்லை, பரிவோடு என்னைப் பார்த்தார்.

"இது அளக்குறதுக்கு இல்லம்மா. உணர்றதுக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார், மாநாட்டில் அது மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் தொங்கியது. எனக்கும் சப்பைக்கட்டு கட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. நினைவுப்பொருள்தானே, அமைச்சர்களின் கை பதினொன்றரை சென்டிமீட்டரா இருக்கப்போகிறது? அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் தாளில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பயிற்சிதான் நிரப்ப வேண்டும். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. எழுத்து இருந்தால்தானே பிழை இருக்கும்? டிக் போட்டு என் கையெழுத்தையும் போட்டேன்.

மாநாடு முடிந்து ஆறு பெட்டி நாடா மிஞ்சியது. பெட்டிகள் இருந்த சாமான் அறைக்குப் புது நாற்காலிகள் வருவதாக இருந்ததால், பெட்டிகளை எங்காவது தள்ளிவிட வேண்டும். குப்பையில் போட்டால் சின்னத்துக்கு அவமரியாதை என்று கையேடு சொல்கிறது. அப்போதுதான் கழுத்துக்கயிறுக்கு எங்கோ ஒரு சுகாதார நிலையம் நாடா கேட்டு நச்சரித்தது ஞாபகம் வந்தது. கோப்பை எடுத்துவரச் சொன்னார். மூன்று கடிதத்தையும் மேசையில் பரப்பி, "பாத்தியா, நாம யாரையும் மறக்கிறதில்ல" என்றார். அனுப்புகிற கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். 'தங்கள் கோரிக்கையை ஏற்று, குழந்தைகளின் கையை அளக்கும் நாடாக்களை அனுப்புவதில் மகிழ்ச்சி அடைகிறோம்.' உணர்வதற்கு என்று பிறந்த நாடா, சாமான் அறைக்கு நாற்காலி வந்ததும் அளப்பதற்கு என்று ஆகிவிட்டது. 'அளக்கும்' என்று அடிக்கும்போது என் விரல் நின்றது. ஆனால் நின்ற விரல் மறுபடியும் அடித்தது. அந்த வாரம்தான் இயக்குநரிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு மனு கொடுத்திருந்தேன்.

அக்கா அப்போது ஊரில் இல்லை. எட்டு நாள் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவள் பயிற்சி நிஜப் பயிற்சி, என்னைப்போல் பட்டப்பெயர் இல்லை. நாடா வந்த செய்தியைத் தொண்டர்கள் சொல்ல, அவள் எனக்குப் போன் செய்தாள். அக்கா என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பாராட்டினாள்.

"உங்க ஆபீஸ்லயும் ஒரு மனுஷன் இருக்கான்டி. நீதான் சொல்லி அனுப்ப வச்சே, எனக்குத் தெரியும்."

சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அதைத் தொடாதே, அது பொம்மை என்று நாலு வார்த்தை. நான் சொன்னது, "நீ வந்து பாருக்கா, அவசரம் இல்லை" என்பதுதான். அவள் வந்து பார்த்ததும் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிடுவாள், எட்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். தொண்டர்கள் அவள் வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் காத்திருப்பார்கள் என்றும் நினைத்தேன். ஒரு நாடாவை ஐந்து பேர் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு வருடம் வெயிலில் அலைந்த பெண்கள் புது நாடாவைக் கண்டதும் எதற்குக் காத்திருக்கப் போகிறார்கள்? அன்று மத்தியானமே கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அந்த வாரத்துக் கணக்குத்தாளில் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி வந்தது. அளந்த குழந்தைகள் அறுபத்திரண்டு, ஆபத்தில் இருப்பவர்கள் பூஜ்யம். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம். இருபது வருடமாக உலகம் முழுக்கப் பேசிப் பேசி ஒரு சிவப்பைக்கூடக் குறைக்க முடியாதவர்களுக்கு, ஒரே வாரத்தில் பூஜ்யம். ஏன் என்று கேட்க அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல செய்தியைக் கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. வருடாந்தர அறிக்கையின் முன்பக்கமே மாறியது. நேரில் போய் வீடியோ எடுக்க நாள் குறித்தார்கள். கிளம்புகிற நாள் காலையிலேயே கழுத்துக்கயிறிடம் போய், சார், அந்தப் பூஜ்யம் நம்ம நாடா காட்டின பூஜ்யம் என்று சொல்ல நினைத்து அவர் அறை வாசல்வரை போனேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று அன்றைக்கான கழுத்துக்கயிறைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நான் புரொஜெக்டரைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

சுகாதார நிலையம் இரண்டு அறையும் ஒரு நீளமான பெஞ்சும். நாங்கள் போனபோது அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், பை இன்னும் தோளில் தொங்கியது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வெற்றிக்கு ஒரு முகம் வேண்டும் என்று கேமராக்காரர் கேட்டிருந்ததால், தொண்டர்கள் ஒரு தாயையும் குழந்தையையும் வரவழைத்திருந்தார்கள். அந்தத் தாய் பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்கிறவள். குழந்தைக்கு ஒன்றேகால் வயது. அக்கா வீட்டில் 'எலிக்குட்டி' என்று செல்லமாகச் சொல்லி ஒரு பெண்குழந்தையைப் பற்றி அடிக்கடி பேசுவாள், அது இவள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் சிவப்பில் வந்து, பொட்டலம் பொட்டலமாக ஊட்டி அரை அரைப் புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தவள். அவள் புள்ளி ஏறுகிற அன்று அக்கா வீட்டில் யாரையும் திட்ட மாட்டாள். இப்போது அவள் பச்சைக்கு வந்துவிட்டதாக ஆறு நாளுக்கு முன்னால் பொட்டலத்தை நிறுத்தியிருந்தார்கள். பாசக்கார அம்மா, மிச்சம் இருந்ததைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

கேமரா ஓடியது. இயக்குநர் குழந்தையைப் பார்த்துச் சிரித்து, தன் கையாலேயே நாடாவைச் சுற்றினார். பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். சத்தத்துக்கு எலிக்குட்டி அழ வேண்டும், ஆனால் அழவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போனதை நான் பார்த்தேன்.

அவள் முன்னால் வந்து குழந்தையின் கையைத் தன் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். நாடாவைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பயிற்சிக்குக் கொண்டுபோயிருந்த தன் பழைய நாடாவைப் பையிலிருந்து எடுத்துச் சுற்றினாள். பதினொன்று. சிவப்பு, ரோஜா நிறமாக வெளுத்த சிவப்பு. அந்தப் பழசு வேண்டாமே, அழுக்காகத் தெரிகிறது என்று கழுத்துக்கயிறு கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுல நம்பர் எங்கடி?" என்று என்னிடம் கேட்டாள்.

எடுத்துவிட்டார்கள் என்றேன். சிவப்பு எங்கே என்றாள். அதையும்தான் என்றேன். எங்கள் இருவருக்கும் பழக்கம் உண்டா என்று இயக்குநர் கேட்டார், என் அக்கா என்றேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர் கவலை வேறு. மனம் நொந்துபோன குரலில், ஆனாலும் ஒரே வாரத்தில் சிவப்பே இல்லாமல் போனது உண்மைதானே என்றார்.

"சிவப்ப அழிச்சுட்டு அச்சடிச்சா சிவப்பு எப்படிம்மா வரும்?" என்றாள் அக்கா.

அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மறுபடியும் என் பக்கம் திரும்பி, இதை யார் பார்த்துச் சரி என்று சொன்னது என்று கேட்டாள். கழுத்துக்கயிறு மேற்கூரையைப் பார்த்தார். அந்த நொடியில்கூட எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பரிந்துரைக் கடிதம்தான். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

"நான்தான்க்கா. தப்புன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. தையல்காரப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எம்புள்ளைக்கு நல்லா இல்லையா?" என்றாள். அக்காதான் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள்.

குழந்தைக்கு மூச்சு இரைத்தது, நெஞ்சுச் சளியும் சேர்ந்திருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அக்கா சொன்னாள். வாசலில் எங்கள் அலுவலக வண்டி நின்றது, பக்கவாட்டில் 'ஒவ்வொரு குழந்தையும் முக்கியம்' என்று வானநீலத்தில் எழுதியிருந்தது. பயனாளிகளை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது விதி, தலைமையகத்தில் கேட்காமல் முடியாது என்று கழுத்துக்கயிறு உண்மையான வருத்தத்தோடு சொன்னார். போனும் செய்தார், அங்கே மதிய உணவு இடைவேளை. நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். அக்கா குழந்தையை வைத்திருந்தாள், தாய் அக்காவின் பையை வைத்திருந்தாள். என்னிடம் யாரும் எதையும் தரவில்லை.

அடுத்த நாலு நாள் அலுவலகத்துக்குப் போகவில்லை. பழைய நாடாவை வைத்துக்கொண்டு தொண்டர்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அறுபத்திரண்டு குழந்தைகளையும் மறுபடி அளந்ததில் ஒன்பது பேர் சிவப்பு. புது நாடாவைச் சிலர் குழந்தையின் கையில் வளையல்போல் கட்டியிருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் கதவை முழுசாகத் திறக்காமலே, போன வாரம் நல்லா இருக்குன்னு சொன்னதும் நீங்கதானே என்று கேட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் அக்கா போய் நின்ற பிறகுதான் திறந்தார்கள். அக்கா அந்த நாலு நாளும் என்னிடம் வேலை மட்டும் பேசினாள். ராத்திரி சாப்பாட்டில் மாமாதான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜோக்கை விழுங்கிக்கொண்டார்.

ஒன்பது என்று தெரிந்ததும் இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அறிக்கையில் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். உடனே பதில் வந்தது, வராமலே இருந்திருக்கலாம். வெளிப்படையாகப் பகிர்ந்ததற்கு நன்றியாம். இது நம் எல்லோருக்கும் ஒரு கற்றல் தருணமாம். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டதால் அடுத்த வருட அறிக்கையில் ஒரு அடிக்குறிப்புச் சேர்ப்பதைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவார்களாம். அந்தக் கூட்டத்துக்கும் பிஸ்கட் வந்திருக்கும். மிச்ச நாடாக்களை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அழிப்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அனுப்புகிறோம் என்றார்கள். அது இன்னும் வரவில்லை. அக்கா படிவம் எதுவும் இல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துத் தொண்டர்களோடு உட்கார்ந்து ஆறு பெட்டியையும் துண்டு துண்டாக்கினாள்.

என் மூன்று மாதம் முடிந்தது. கடைசி நாள் பரிந்துரைக் கடிதமும் தபாலில் வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. 'இவர் கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது' என்று அதில் எழுதியிருந்தது. ஒருவேளை போன பயிற்சிக்கும் அதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள். அதை நான் கிழிக்கவில்லை. கிழிக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கூடவே அறிக்கையின் ஒரு பிரதியும் வந்தது. முன் அட்டை முழுக்க ஒரே படம், ஒரு சின்னக் கை, அதைச் சுற்றி நாடா, பக்கத்தில் இயக்குநரின் விரல்கள்.

எலிக்குட்டி இருபத்து மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் வாரம் பிழைப்பாளா என்று டாக்டருக்கே நிச்சயம் இல்லை. பிறகு சளி இறங்கியது, பிறகு பால் இறங்கியது, பிறகு ஒரு நாள் ஊசி போட்ட நர்ஸைப் பார்த்து வார்டே அதிரும்படி அழுதாள். அக்கா தினமும் வேலை முடிந்து போய்ப் பார்ப்பாள். நானும் கூடப் போவேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அப்படிப் போன ஒரு நாள் அக்கா வராந்தாவில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த அறிக்கையைத் தையல்காரப் பெண் எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"இது எங்க பாப்பா கைதானே? கீழ என்ன போட்டிருக்கு?"

'பச்சைக்கு வந்துவிட்ட இன்னொரு குழந்தை' என்று போட்டிருந்தது. வேறு எதையாவது படித்துக் காட்டியிருக்கலாம், மூன்று மாதமாக எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். பொய் போட்டிருக்கிறது என்றேன். அந்தப் பொய்யைச் சரி என்று கையெழுத்துப் போட்டது நான் என்றும் சொன்னேன். அன்றைக்கு நிலையத்தில் பேசியது அவளுக்குப் புரிந்திருக்காது, அதனால் முதலிலிருந்து சொன்னேன், சிவப்பை எடுத்தது, எண்ணை எடுத்தது, எனக்குத் தெரிந்திருந்தும் எட்டு நாள் வாய் திறக்காமல் இருந்தது. நான் முடித்ததும் அவள் அறிக்கையைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள். குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள்.

"இப்ப அளங்க" என்றாள்.

அக்காவின் பழைய நாடா என்னிடம் இருந்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் புள்ளி பார்த்து, இறுக்காமல், தொய்யாமல் சுற்றினேன். எலிக்குட்டி திமிறினாள், திமிறுகிற பலம் வந்திருந்தது. பதினொன்று புள்ளி ஆறு. மஞ்சள். நிஜமான மஞ்சள். எண்ணைச் சொல்லிவிட்டு நிறத்தையும் காட்டினேன். சிவப்பைத் தாண்டிவிட்டாள், இனி பயமில்லை என்றேன்.

அவள் நாடாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் நாடாவைப் பார்த்தாள். குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"உங்க அக்காவ வரச் சொல்லுங்க. அவங்க அளந்து சொல்லட்டும்."

நாடாவைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட வராந்தாவுக்குப் போனேன்.